பேர்தான் எண்ணெய்

அவருக்கு இடது புருவம் பாதிதான் இருந்தது. முதல் தடவை பார்க்கிறவர்களின் கண் அங்கே போய் நிற்கும். பிறகு மரியாதைக்காக வேறு பக்கம் திரும்பும். அவர் விடமாட்டார். "புருவத்தைத்தானே பாக்குறீங்க? கார் ரேடியேட்டர் மூடி. உள்ள தண்ணி கொதிச்சுக்கிட்டு இருக்கு, நான் திறந்தேன். விவரம் தெரிஞ்சவன் எவனாவது திறப்பானா? நான் திறந்தேன்" என்று தாமாகவே ஆரம்பித்துவிடுவார். சொல்லி முடித்த பிறகுதான் வந்தவருக்கு என்ன உடம்புக்கு என்று கேட்பார்.

எங்கள் குடியேற்றக் கிராமத்து டிஸ்பென்சரியில் அவர் கம்பவுண்டர். நான் அங்கே பள்ளிக்கூட வாத்தியார். கப்பலில்தான் போய்வர முடிகிற தீவில், துறைமுகத்தை ஒட்டிய ஷாதிபூரிலிருந்து ஆறேழு மைல் தள்ளி, காட்டை வெட்டித் திருத்திய ஊர். பெரும்பாலும் வங்காளிக் குடும்பங்கள், தெலுங்கர்கள் கொஞ்சம், தமிழ் வீடுகள் நாலைந்து. அவருடைய குவார்ட்டர்ஸும் என்னுடையதும் அடுத்தடுத்து இருந்தன. ராமநாதபுரம் பக்கத்துக்காரர். நான் அவரை அண்ணே என்றும் அவர் மனைவியை மதினி என்றும் கூப்பிடுவேன். எனக்கு அப்போது கல்யாணம் ஆகவில்லை. பாதி நாள் சாப்பாடு மதினி கையால்தான்.

ஓர் அதிகாரி மெயின்லேண்டுக்கு மாற்றலாகிப் போகும்போது கப்பலில் ஏற்ற மனமில்லாமல் விட்டுப்போன பழைய சின்னக் கார் ஒன்றை இவர் வாங்கிக்கொண்டார். ஒரு லாரி அதைக் கட்டி இழுத்துவந்து டிஸ்பென்சரி வாசலில் விட்டது. ஊரே வந்து பார்த்தது.

"அண்ணே, உங்களுக்கு ஓட்டத் தெரியாதே" என்றேன்.

"ஓட்டுறதை அப்புறம் பாத்துக்கலாம் வாத்தியாரே. மொதல்ல உள்ள என்ன இருக்குன்னு பாக்கணும்ல?"

அந்த மனுஷனை நான் புரிந்துகொள்ள ஆரம்பித்தது இந்தப் பதிலில்தான். என்ன இருக்கிறது என்று பார்க்காமல் அவரால் இருக்க முடியாது. பார்த்ததில் எதையாவது கெடுத்துவிட்டால், கெடுத்ததை நாலு பேருக்குச் சொல்லாமலும் இருக்க முடியாது.

முதன்முதலில் என்ஜின் எண்ணெய் மாற்றிய நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. வண்டிக்கடியில் படுத்துப் பழைய எண்ணெயை வடித்தார். எழுந்து, கையைத் துடைத்துக்கொண்டு, கப்பலில் வந்த புது எண்ணெய் டின்னைத் திறந்து மேலே ஊற்றினார். ஊற்றிக்கொண்டே இருந்தார். வேலிக்கு அந்தப் பக்கம் நின்றிருந்த வங்காளிக் கிழவர் வெகு நேரம் பார்த்துவிட்டு, "கம்பவுண்டர் பாபு, காடி பேதி ஹோ கயா கியா?" என்று கேட்டார். வண்டிக்கு வயிற்றுப்போக்கா என்கிறார். இவர் குனிந்து பார்த்தார். கீழே அடைப்பு போடவில்லை. மேலே ஊற்றிய டின் எண்ணெய் முழுதும் மண்ணில் ஓடி, கிழவரின் கோழிகள் அதில் நடந்து ஊரெல்லாம் காலடி வைத்திருந்தன.

நானாக இருந்தால் ஒரு வாரம் வெளியே தலை காட்டியிருக்கமாட்டேன். அவர் மறுநாள் காலை வரிசையில் நின்ற அத்தனை நோயாளிகளுக்கும் அதைச் சொன்னார். தமிழனுக்குத் தமிழில், மற்றவர்களுக்குத் தம்முடைய உடைந்த இந்தியில். இந்தியில் சொல்லும்போது கோழியாகவும் நடந்து காட்டினார்.

சக்கரம் கழற்றியது அடுத்த கூத்து. ஜாக்கி வைத்து வண்டியைத் தூக்கிவிட்டு, பிறகு நட்டைத் திருப்பினார். நட்டு திரும்பவில்லை, சக்கரம்தான் ஸ்பேனரோடு சேர்ந்து சுற்றியது. "விடாம திருப்பினேன் வாத்தியாரே. அரை மணி நேரம். அது பாட்டுக்குச் சுத்துது, நான் பாட்டுக்குத் திருப்புறேன். ரெண்டு பேருமே விட்டுக்குடுக்கல." இன்னொரு முறை பிளக் ஒயர் நாலையும் ஒரே சமயத்தில் பிடுங்கிவிட்டு எது எங்கே என்று தெரியாமல் மாற்றிச் செருகினார். சாவியைத் திருப்பியதும் புகைக்குழாயில் வெடித்த வெடியில், பக்கத்தில் கட்டியிருந்த மாடு கயிற்றை அறுத்துக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குள் வந்தது. எனக்கு அன்று பாதி நாள் லீவு.

ஒவ்வொன்றுக்கும் ஒரு லேபிள் எழுதுவார். மருந்துப் புட்டிக்கு ஒட்டுகிற அதே டிஸ்பென்சரி லேபிள். அதில் பொடிப்பொடியான எழுத்தில் ஒரே வரி. பசை போட்டு ஒட்டினால் எங்கள் ஊர் ஈரத்தில் இரண்டே நாளில் உரிந்து விழும். அதனால் சாத்தம் மரமில்லில் வேலை பார்த்த ஒரு தமிழரிடம் வார்னிஷ் வாங்கிவந்து மேலே பூசினார். என்ஜினை மூடுகிற பானட்டைத் தூக்கினால் உள்பக்கம் பள்ளிக்கூட நோட்டீஸ் பலகை மாதிரி இருக்கும்.

"சூடாக இருக்கும்போது திறந்தேன். இடது புருவம்."

"அடைப்புப் போடாமல் ஊற்றினேன். ஒரு டின்."

"தூக்கிய பிறகு திருப்பினேன். அரை மணி."

"நாலையும் சேர்த்துப் பிடுங்கினேன். ஒரு மாடு."

"இதையெல்லாம் ஏண்ணே ஊருக்குச் சொல்றீங்க? நாளைக்கு உங்க கையால மருந்து வாங்க யோசிக்கமாட்டாங்களா?" என்று ஒருநாள் கேட்டுவிட்டேன்.

அவர் என்னை உள்ளே கூப்பிட்டு பெஞ்சில் உட்காரவைத்தார். வேலியோரக் கிழவர் முழங்கால் வலி என்று வந்தார். இவர் முதலில் சக்கரக் கதையைச் சொன்னார். கிழவர் பல்லில்லாத வாயால் சிரித்துவிட்டு, மெதுவாகத் தம் கதையைச் சொன்னார். போன வாரம் கொடுத்த மருந்தை அவர் குடிக்கவில்லை. முழங்காலில் தேய்த்திருக்கிறார். புட்டியில் ஒட்டியிருந்த தமிழ் லேபிளை அவரால் படிக்க முடியவில்லை, கேட்க வெட்கம். அன்றிலிருந்து மருந்துப் புட்டிகளில் வாயும் கையும் படமாக வந்துவிட்டன. வாய் போட்டிருந்தால் குடிக்க, கை போட்டிருந்தால் தேய்க்க.

"என் முட்டாள்தனத்தை நான் மொதல்ல எடுத்து வச்சாத்தான் அவன் அவனோடதை எடுத்து வைப்பான். இல்லாட்டி எல்லாரும் மருந்தை ஒழுங்காச் சாப்பிட்டேன்னுதான் சொல்லுவாங்க" என்றார்.

எனக்கு அது புரிந்தது, பிடிக்கவில்லை. நான் வேறு ஜாதி. கரும்பலகையில் ஓர் ஒற்று விட்டுப்போனால் பிள்ளைகள் பார்ப்பதற்குள் உள்ளங்கையால் அழிக்கிற ஆள். என் உள்ளங்கை எப்போதும் வெள்ளையாக இருக்கும்.

ஒரு முறை அவரை மாயாபந்தர் பக்கம் அம்மை குத்துகிற வேலைக்கு இரண்டு வாரம் அனுப்பினார்கள். போட் ஏறுவதற்கு முன் சாவியை என்னிடம் கொடுத்தார். "தினம் பத்து நிமிஷம் என்ஜினை ஓடவிடுங்க. தண்ணி குறைஞ்சா தண்ணி, எண்ணெய் குறைஞ்சா எண்ணெய். அவ்வளவுதான்."

சொன்னபடியே செய்தேன். தினமும் பானட்டைத் தூக்கிப் பார்ப்பேன். பார்க்கப் பார்க்க எனக்கும் கொஞ்சம் ஆசை வந்துவிட்டது. ஒருநாள், என்ஜினுக்குப் பின்னால் ஓரமாக மைப்புட்டி அளவில் ஒரு சின்ன டப்பா கண்ணில் பட்டது. மூடியில் பிளாஸ்திரி ஒட்டி, அவர் கையெழுத்தில் "பிரேக் எண்ணெய்" என்று எழுதியிருந்தது. திறந்தேன். ஒரு விரல் அளவு குறைந்திருந்தது. கொட்டகையில் இருந்த பெரிய டின்னில் "எண்ணெய்" என்று அவரே எழுதிய லேபிள். எண்ணெய் குறைந்தால் எண்ணெய். அந்த டின் மூடியால் இரண்டு மூடி ஊற்றி நிரப்பி, துடைத்து, மூடினேன். அன்றைக்கு நான் பட்ட பெருமை கொஞ்சநஞ்சமில்லை.

அவர் திரும்பிவந்த மூன்றாம் நாள் மெயின்லேண்டுக்குக் கப்பல். மதினியின் ஒரே தங்கைக்குக் கல்யாணம். இந்தக் கப்பலை விட்டால் அடுத்தது வர மூன்று வாரம் ஆகும். அதற்குள் கல்யாணமே முடிந்துவிடும். மதினி அந்தக் காரில் அதுவரை ஏறியதே இல்லை. "பானட்டுக்குள்ள ஒட்டியிருக்கிறதைப் படிக்கக் கேட்டவ எவளும் ஏறமாட்டா" என்பாள். அன்று டிரங்குப் பெட்டி, தேங்காய் மூட்டை, தங்கைக்கு வாங்கிய புடவை எல்லாம் இருந்ததால் வேறு வழியில்லாமல் ஏறினாள். பெட்டி தூக்க நானும் கூடப் போனேன்.

அதற்குள் ஓட்டவும் கற்றுக்கொண்டிருந்த அவர் கையில் வண்டி இரண்டு மைல் நன்றாக ஓடியது. பிறகு வண்டியைப் பின்னாலிருந்து யாரோ பிடித்து இழுப்பது போல இருந்தது. அவர் மிதித்துப் பார்த்தார். தீய்ந்த வாடை வந்தது. ஷாதிபூர் ஏற்றத்தில் முன்சக்கரம் இரண்டிலும் புகை கிளம்பி, வண்டி நின்றேவிட்டது. இறங்கித் தள்ளினோம். வழியில் போன இரண்டு பேரும் சேர்ந்து தள்ளினார்கள். நகரவில்லை. மழை பிடித்துக்கொண்டது. கப்பலுக்குப் போக வேண்டிய வண்டிகளெல்லாம் முன்னமே போயிருந்தன. பெட்டியை ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு, கப்பல் நிற்கும் ஜெட்டி இருந்த சாத்தம் வரைக்கும் ஓட்டமும் நடையுமாகப் போனோம். நாள்கணக்கில் தாமதிக்கிற கப்பல், அன்றைக்குப் பார்த்துச் சொன்ன நேரத்துக்குக் கிளம்பியிருந்தது. ஏணியை எடுத்துவிட்டார்கள். கப்பலுக்கும் ஜெட்டிக்கும் நடுவில் ஓர் ஆள் நீளத் தண்ணீர் இருந்தது. மதினி அந்தத் தண்ணீரையே பார்த்துக்கொண்டு நின்றாள். எங்கள் இரண்டு பேரையும் அவள் பார்க்கவில்லை.

மறுநாள் ஷாதிபூரில் கார் பழுது பார்க்கிற ஒரு மிஸ்திரி வந்து பானட்டைத் தூக்கினார். அந்தச் சின்ன டப்பாவில் விரலை விட்டார், மோந்தார், இரண்டு விரலுக்கு நடுவே தேய்த்தார். "இஸ்மே தேல் கிஸ்னே டாலா?" என்றார்.

இதில் எண்ணெய் ஊற்றியது யார்? பிரேக்கில் இருப்பதை ஊரெல்லாம் பிரேக் ஆயில் என்று சொல்லுமே தவிர, அது எண்ணெய் இல்லையாம். பேர்தான் ஆயில். அதற்குத் தனிச் சரக்கு தனி டின்னில் வரும். என்ஜின் எண்ணெய் பட்டால் உள்ளே இருக்கிற ரப்பர் வாஷரெல்லாம் ஊறிப் பருத்து, பிரேக் பிடித்த பிடியை விடாது. மிஸ்திரி இதை இந்தியில் விளக்க விளக்க எனக்கு அந்த இரண்டு மூடி நினைவு வந்தது.

கம்பவுண்டர் தலையைச் சொறிந்துகொண்டு நின்றார். பிறகு, "மைனே ஹீ டாலா ஹோகா" என்றார்.

நான்தான் ஊற்றியிருப்பேன். ஊற்றினேன் என்று சொல்லவில்லை, ஊற்றியிருப்பேன் என்றார். முட்டாள்தனம் என்று ஒன்று நடந்தால் அது தம்முடையதாகத்தான் இருக்கும் என்பது அவர் கணிப்பு. நான் பக்கத்திலேயே நின்றேன். வாயைத் திறக்கவில்லை. மதினி தங்கைக்குக் கடிதம் எழுத என்னைக் கூப்பிட்டபோதும் திறக்கவில்லை. "உங்க அத்தான் எண்ணெயை மாத்தி ஊத்திட்டாரு" என்று அவள் சொல்ல, என் கையாலேயே எழுதினேன். எழுத்துப்பிழை இல்லாமல் எழுதினேன்.

புது ரப்பர் மெயின்லேண்டிலிருந்து வர வேண்டும். மிஸ்திரி பிரேக்கைத் தளர்த்திவிட, லாரி இழுத்துவந்து விட்ட வண்டி வாசலில் நின்றது. அவர் அதைத் தொடவில்லை. அதற்காக ஒரு லேபிளும் எழுதவில்லை. வரிசையில் நின்றவர்களிடம் இந்தக் கதையை மட்டும் சொல்லவில்லை. கிழவர், கோழி அடைக்க வண்டியைக் கொடுக்கிறாயா என்று கேட்டதற்கு, யோசித்துச் சொல்கிறேன் என்றார். மதினி கோபப்பட்டுக் கத்தியிருந்தால் எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும். அவள் வண்டியைச் சுற்றிப் பெருக்கினாள், அவ்வளவுதான்.

பிறகு டிஸ்பென்சரி வரிசை நீள ஆரம்பித்தது. ஒரு நிமிஷத்தில் மருந்து கலந்து கொடுக்கிறவர், அளவுக் கண்ணாடியைக் கண்ணுக்கு நேரே தூக்கிப் பார்ப்பார், கீழே வைப்பார், புட்டியின் லேபிளைப் படிப்பார், ஊற்றியதைக் கொட்டிவிட்டு மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பிப்பார். ஒரு கைப்பிள்ளையின் தாய் காத்துக் காத்து அலுத்துப்போய்த் திரும்பிப் போவதைப் பார்த்தேன்.

ஒருநாள் மத்தியானம் என்னைக் கூப்பிட்டு ஒரு காகிதத்தை நீட்டினார். "இங்கிலீஷ் சரியா இருக்கான்னு பாருங்க வாத்தியாரே."

மேலதிகாரிக்கு விண்ணப்பம். ஞாபக மறதி ஏற்பட்டிருப்பதால் மருந்து கலக்கும் பொறுப்பிலிருந்து தன்னை விடுவிக்க வேண்டும் என்று எழுதியிருந்தார்.

"என்னண்ணே இது?"

"ஊத்தினது சுத்தமா ஞாபகத்துல இல்ல வாத்தியாரே. எல்லாத் தப்பும் எனக்கு ஞாபகம் இருக்கும். எந்தக் கையால செஞ்சேன், என்ன சட்டை போட்டிருந்தேன், அதுகூடச் சொல்லுவேன். இது மட்டும் இல்ல. எங்க நின்னு ஊத்தினேன், எப்ப ஊத்தினேன், ஒண்ணும் தெரியல. வண்டியில அப்படின்னா நாளைக்கு ஒரு பிள்ளை வாயில எதை ஊத்துவேன்னு எப்படிச் சொல்ல முடியும்?"

அந்த விண்ணப்பத்தில் இரண்டு எழுத்துப்பிழைகள் இருந்தன. திருத்தப் பேனாவை எடுத்தேன், கீழே வைத்தேன். என் கோழைத்தனத்துக்கு அதற்கு மேல் ஒளிய இடமில்லை. "அண்ணே, அதை நான்தான் ஊத்தினேன்" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. மறுபடியும் சொன்னேன்.

அவர் என் முகத்தையே பார்த்தார். திட்டப்போகிறார் என்று தயாராக இருந்தேன். திட்டியிருக்கலாம்.

"எவ்வளவு ஊத்துனீங்க?" என்றார்.

"ரெண்டு மூடி."

"எந்த மூடி? பெரிய டின் மூடியா?"

"ஆமா."

"ஊத்தினதும் கலந்துச்சா, மேல மிதந்துச்சா?"

"பாக்கல அண்ணே. உடனே மூடிட்டேன்."

"அடடா, பாத்திருக்கணும்" என்றார். நிஜமாகவே வருத்தப்பட்டார். பிறகு சாய்ந்து உட்கார்ந்து, மூச்சை நீளமாக விட்டார். "அப்ப நான் ஊத்தல" என்று தமக்குத் தாமே சொல்லிக்கொண்டார். கண் கலங்கிவிட்டது. காகிதத்தை என் கையிலிருந்து வாங்கி நாலாக மடித்து, ஆடிக்கொண்டிருந்த மேஜைக் காலுக்கு அடியில் செருகினார். அன்று மாலை வரிசை பழைய வேகத்தில் நகர்ந்தது.

மதினியிடம் நானே போய்ச் சொன்னேன். அவள் அடுப்பிலிருந்து திரும்பவில்லை. "கல்யாணம் போனது போனதுதான் தம்பி. அது திரும்பி வராது. ஆனா நான் இவரை இத்தனை நாளா முகம் குடுத்துப் பேசல. அதுக்கு என்ன பண்ணப் போறீங்க?" என்றாள். அவளே தொடர்ந்தாள். "இன்லேண்ட் லெட்டர் எடுத்துட்டு வாங்க. என் தங்கச்சிக்கு எழுதணும். இந்தத் தடவை நான் சொல்லமாட்டேன். நீங்களே எழுதுங்க." எழுதினேன். நான் எழுதியதிலேயே கஷ்டமான கடிதம் அதுதான். சாப்பாடு நிற்கவில்லை. ஆனால் ஒரு மாதம் வரை எனக்கு அப்பளம் விழவில்லை.

ரப்பர் வந்து மாட்டிய அன்று, அவர் ஒரு லேபிளையும் பேனாவையும் என்னிடம் நீட்டினார். "பேரு எண்ணெய்னு எழுதி வச்சவன் நான், ஊத்தினவன் நீங்க. மூடிக்கு நான் எழுதுறேன், பானட்டுக்கு நீங்க எழுதுங்க."

பிளாஸ்திரியை உரித்துவிட்டு அவர் "இது எண்ணெய் இல்லை" என்று எழுதினார். நான், "பிரேக்கில் எண்ணெய் ஊற்றினேன். ஒரு கல்யாணம்" என்று எழுதினேன். எழுதிய பிறகு வாத்தியார் புத்தி குறுக்கே வந்தது. மற்றதெல்லாம் திறந்தேன், திருப்பினேன், பிடுங்கினேன் என்றிருக்கும் இடத்தில் இதுவும் ஊற்றினேன் என்றிருந்தால், படிக்கிறவன் எல்லாவற்றையும் அவர் தலையில்தான் கட்டுவான். கீழே என் பெயரைப் போடுகிறேன் என்றேன்.

"பேரு எதுக்கு? பானட்டைத் தூக்குறவனுக்கு என்ன தப்புன்னு தெரிஞ்சா போதும்" என்று வாங்கி, வார்னிஷ் பூசிவிட்டார். எனக்கு அது நிம்மதியாகவும் இருந்தது, அந்த நிம்மதி வெட்கமாகவும் இருந்தது.

சில வருஷங்களில் அவர் மெயின்லேண்டுக்கு மாற்றலாகிப் போனார். காரை யாரோ வாங்கிக்கொண்டார்கள். பிறகு ஒரு முறை பரீட்சை வேலையாக மாயாபந்தர் போயிருந்தபோது, ஜெட்டி பக்கம் பானட் திறந்த ஒரு பழைய சின்னக் காரைப் பார்த்தேன். நிறம் மாற்றியிருந்தார்கள். உள்பக்கம் லேபிள்கள் பழுப்பேறி அப்படியே இருந்தன. குனிந்து ஏதோ முடுக்கிக்கொண்டிருந்த தெலுங்கு டிரைவர், நான் படிப்பதைப் பார்த்து நிமிர்ந்தார். வாங்கிய நாளிலிருந்து கேட்க ஆள் கிடைக்கவில்லையாம். "யே சப் கியா லிக்கா ஹை? மந்திரமா?" என்றார். இதெல்லாம் என்ன எழுதியிருக்கிறது என்கிறார்.

ஒவ்வொன்றாக இந்தியில் சொன்னேன். புருவத்துக்குச் சிரித்தார். சக்கரத்துக்குத் தம் தொடையைத் தட்டிக்கொண்டார். தாமும் அதைச் செய்திருக்கிறார் போல. மாட்டுக்கு ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டார். கடைசியில் என்னுடையதைச் சொன்னேன்.

"யே பீ உஸீனே கியா?" என்றார். இதையும் அவரேதான் செய்தாரா?

ஆமாம் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். எனக்கு போட்டுக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. அந்த ஊரில் என்னை யாருக்கும் தெரியாது.

"நஹீ" என்றேன். "யே மைனே." இல்லை, இது நான்.

டிரைவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு பானட்டுக்குள் எட்டி அந்தச் சின்ன டப்பாவைப் பார்த்தார்.

"கித்னா டாலா?" என்றார். எவ்வளவு ஊற்றினீர்கள்?

"ரெண்டு மூடி" என்றேன் தமிழிலேயே, விரலைக் காட்டி.